லூபெக்கில் மூன்று பேருக்கு அறை

நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும், அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம். ஜன்னலுக்கு வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசிக்கொண்டிருந்தது. பேய் வருகிற நேரமே இல்லை அது.

பேய், ஆவி, கண்ணூறு, சகுனம் என்று யாராவது தொடங்கினால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். ஒஸ்லோவில், ரொம்சோஸ் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் கீழே, உடுப்புத் தோய்க்கிற அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று ஒரு கதை பரவி, பெண்கள் எல்லோரும் சோடி சேர்ந்து தோய்க்கப் போன காலத்தில், நான் தனியாகப் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆள் அசையாவிட்டால் தானாக அணைகிற விளக்கு, அவ்வளவுதான் பேய். என் மனைவி வதனி வாசலில் கட்டிய தேசிக்காயை அவிழ்த்துத் தண்ணீரில் பிழிந்து, சீனி போட்டுக் குடித்தவன் நான். அதற்காக அவள் என்னோடு கதைக்காமல் இருந்ததும் உண்டு. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. இல்லை என்றால், இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் தங்காமல் போனது. இரண்டாவது தடவை வயிறு வெளியே தெரியத் தொடங்கி, ஊருக்கெல்லாம் சொல்லி, சின்னச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்த பிறகு. டொக்டர் நல்ல மனுசி, பொய் சொல்லத் தெரியாதவர். இன்னொரு தடவை முயற்சி செய்யலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வதனி மெல்ல மெல்லச் சனத்திலிருந்து கழன்றுகொண்டாள். பக்கத்துக் குரோருட் பகுதியில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, ஒரு மனுசி அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "என்ன பிள்ளை, விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். வதனி தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து காரில் இருந்துவிட்டாள். அதோடு கலியாண வீடு இல்லை, கோயில் இல்லை, பிறந்தநாள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை, வேலை விட்டால் வீடு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தும் ஆளில்லாத வீடு போல இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மனுசியும் இல்லாமல் போய்விடுவாளோ என்பதுதான் என்னுடைய பயம்.

எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனால் மாறுவாள் என்று நினைத்தேன். நாங்கள் உல்லாசப் பயணம் போய்ப் பழகினவர்களா என்ன? லீவு வந்தால் சொந்தக்காரர் வீடு, சொந்தக்காரர் வீட்டிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீடு. நான் ஒரு நாள் துணிந்து, "ஒரு சனி ஞாயிறு ஜெர்மனிக்குப் போட்டு வருவமோ?" என்று கேட்டேன்.

"ஆரின்ரை வீட்டை?"

"ஒருத்தற்றை வீட்டையும் இல்லை. சும்மா, ஊர் பாக்க."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எங்கடை சனம் இல்லாத இடமெண்டா வாறன்," என்றாள்.

சொல்லிவிட்டாள், தேடிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஜெர்மனியில் ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது கோட்டையும் இல்லை, தேவாலயமும் இல்லை, ஒரு சொந்தக்காரரின் பெயர்தான். டோர்ட்முண்ட் என்றால் வதனியின் சின்னம்மா. ஸ்டுட்கார்ட் என்றால் என்னோடு திருகோணமலையில் படித்தவன். பெர்லினில் என் மச்சான். ஹம் நகரத்தில் கோயில் இருக்கிறது, அங்கே போனால் ஐரோப்பாவே நிற்கும். போய்விட்டு அவர்கள் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டலில் தங்கினோம் என்று தெரிந்தால் பரம்பரைக்கும் பேசமாட்டார்கள். நான் நூலகத்திலிருந்து நோர்வேஜிய மொழியில் ஒரு பயணப் புத்தகம் எடுத்து வந்து, ஒவ்வொரு பழைய நகரமாக யார் இருக்கிறார்கள் என்று யோசித்து யோசித்துத் தள்ளினேன். கடைசியில் வடக்கே ஒரு மூலையில் லூபெக் என்று ஒன்று மிஞ்சியது. ஆற்றால் சூழ்ந்த பழைய வியாபார நகரம், செங்கல் தேவாலயங்கள், வாசலில் குண்டாக இரண்டு கோபுரம். முக்கியமாக, எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குஞ்சும் அங்கே இல்லை.

புத்தகத்தில் ஒரு சின்ன விடுதியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. வதனி வேலைக்குப் போயிருந்த அந்தச் சனிக்கிழமை பின்னேரம், அறை இருக்கிறதா என்று கேட்கிற ஜெர்மன் வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, குளியலறையில் நின்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சுருள் வயர் வைத்த பழைய சிவப்புப் போன் அது. நோர்வேக்கு வந்த புதிதில் வாங்கியது. இலக்கத்தைப் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்தினேன், அதை நல்லாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தார்கள். நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு என் ஜெர்மன் வசனத்தை ஒப்புவித்தேன்.

"என்ன?" என்று தமிழில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.

"தமிழோ?" என்றேன்.

"ஓம்."

"இது லூபெக் தானே, பிள்ளை? விடுதியோ?"

"ஓம், இது ஹோட்டல்," என்று சிரித்தாள். முன்பல் விழுந்த பிள்ளைகள் கதைக்கும்போது இடையில் காற்றுப் போகுமே, அப்படி ஒரு கதை.

நம்ப மாட்டீர்கள், எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். தமிழரே இல்லாத ஊர் என்று தேடித் தேடி எடுத்தால், விடுதிக்காரரே தமிழராக இருந்தால் என்ன செய்வது? இதை வதனிக்குச் சொன்னால் பயணம் அதோடு சரி.

"அம்மாவைக் கூப்பிடும்," என்றேன்.

"அம்மா வேலைக்கு. அப்பா சமைக்கிறார். எப்ப வாறீங்கள்?"

"ஏப்ரலிலை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போயிடுவம்."

"ஓ, ஹெல்காவுக்கோ?"

இது அப்போது எனக்கு உறைக்கவில்லை, பிறகுதான் யோசித்தேன். ஹெல்கா என்று எங்கள் ஒஸ்லோப் பிள்ளைகள்தான் சனி ஞாயிறைச் சொல்லுவார்கள். அது நோர்வேஜியச் சொல். ஜெர்மனியில் வளர்கிற பிள்ளை அப்படிச் சொல்லாது. அவளுடைய தமிழும் ஒஸ்லோப் பிள்ளைகளின் தமிழ் மாதிரித்தான் இருந்தது, ஒவ்வொரு வசனத்தின் முடிவும் மேலே ஏறிப் போய் நிற்கிற தமிழ்.

"எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"ரெண்டில்லை. மூண்டு."

"இல்லைப் பிள்ளை. நானும் மாமியும் மட்டும்தான்."

"மாமா, மாமி, சின்னப் பிள்ளை. மூண்டு பேர்," என்று பொறுமையாக, கணக்குத் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். "சின்னக் கட்டில் வைக்கச் சொல்லட்டோ?"

மருத்துவமனையில் அழவில்லை, சப்பாத்தை எடுத்து ஒளித்து வைத்தபோது அழவில்லை. ஒரு தெரியாத குழந்தை கட்டில் வேண்டுமா என்று கேட்டதும் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. பெயரையாவது கேட்போம் என்று, "உம்மடை பேர் என்ன?" என்று எப்படியோ கேட்டேன்.

"தெரியாத ஆக்களுக்குப் பேர் சொல்லக் கூடாது," என்றாள். பிறகு குரலைக் குறைத்து, "மாமா, நீங்கள் அழுறீங்களோ?"

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. கூடவே தூரத்தில் ஒரு ஆம்பிளையின் குரல், "ஆரோடை கதைக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டது. லைன் நின்றுவிட்டது.

திரும்ப அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. இருட்டுப்பட இன்னொரு தடவை அடித்தபோது ஒரு ஜெர்மன் மனுசி எடுத்தார். நான் நோர்வே என்று சொல்ல வாயெடுக்கவே, "நோர்வே, யா, யா, ட்ரை," என்றார். ட்ரை என்றால் மூன்று. இரண்டு, இரண்டு என்று நான் கத்தக் கத்த அவர் சிரித்து யா, யா என்று வைத்துவிட்டார். வதனிக்கு அறை கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரலில் போனோம். போவதற்கு முதல் நாள் அவள் மீன் கட்லட் பொரித்தாள். ஜெர்மனியில் சாப்பாடு கிடையாது என்ற மாதிரி ஒரு பெட்டி நிறைய. அடுப்பில் எண்ணெய்ச் சத்தம் கேட்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் தானாக ஒன்றைச் சமைத்து நாளாகியிருந்தது. ஹாம்பர்க் நிலையத்தில் ரயில் மாறும்போது என்னுடைய ஒரு சினேகிதன் அந்த ஊரில் இருக்கிறான் என்ற பயத்தில் இரண்டு பேரும் கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு களவெடுத்தவர்கள் மாதிரி ஓடினோம். லூபெக் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் வதனி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஒன்றுக்காகவே டிக்கட் எடுக்கலாம்.

லூபெக் வாசல் கோபுரங்கள் இரண்டும் மண் இறங்கி ஒன்றின் பக்கம் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, வயசுபோன புருசனும் பெண்சாதியும் மாதிரி. அதைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான சந்துக்குள்ளே நுழைந்தால் உள்ளே சின்ன முற்றம், அதில் விடுதி. வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. தமிழர் கதவைத் திறந்தால் வதனியின் முகம் எப்படிப் போகுமோ என்று.

கதவைத் திறந்தது வெள்ளைத் தலை ஜெர்மன் மனுசி. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார். பெரிய கட்டில், அதன் காலடியில் மரக் கம்பி வைத்த தொட்டில். வெள்ளைத் துணி விரித்து, ஒரு சின்னத் தலையணையும் வைத்திருந்தார்.

மனுசி எங்கள் பின்னால் குழந்தையைத் தேடிப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார், குழந்தை எங்கே என்று. நாங்கள் விழிப்பதைப் பார்த்து, உங்கள் மகள்தானே போன் பண்ணினாள் என்றார். நோர்வேயிலிருந்து ஒரு சின்னப் பெண், ஜெர்மன் தெரியாது, ஆனால் நல்லாக விளங்கப்படுத்தினாள் என்று சொல்லி விரலை ஒவ்வொன்றாக மடித்துக் காட்டினார். "மம்மா, பப்பா, பேபி."

இந்த விடுதியில் தமிழர், இலங்கையர் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டேன். இல்லை, நானும் என் மகனும் மட்டும்தான் என்றார். சின்னப் பிள்ளைகள்? இல்லை. மன்னித்துவிடுங்கள், தொட்டிலை உடனே எடுத்துவிடுகிறேன் என்று அவர் குனிந்தார்.

"எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள் வதனி தமிழில். "அது கிடக்கட்டும்."

அடுத்த நாள் பெரிய தேவாலயத்துக்குப் போனோம். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தபோது கோபுரத்திலிருந்து மணிகள் கீழே விழுந்து உடைந்தனவாம். அவற்றை அகற்றாமல் விழுந்த இடத்திலேயே, விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். கல் தரை அமுங்கி, மணி துண்டு துண்டாகக் கிடக்கிறது. மேலே புது மணி அடிக்கிறது. வதனி அந்தக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "கூட்டி அள்ளி எறியேல்லை, பாத்தீங்களோ," என்றாள். அங்கே வைத்துத்தான் நான் போன் விசயத்தை முழுக்கச் சொன்னேன். பைத்தியம் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பிள்ளையின்ரை குரல் எப்பிடியப்பா இருந்தது?"

"முன்பல்லு விழுந்த குரல்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான்.

ஒஸ்லோவுக்கு வந்து கொஞ்ச நாளில் வதனிக்குத் தலைசுற்று. டொக்டர் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னபோது நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். லூபெக்குக்குப் போகும்போதே, ஹாம்பர்க்கில் நாங்கள் சால்வையை மூடிக்கொண்டு ஓடும்போதே, நாங்கள் மூன்று பேர்தான். பிறகு அந்த மாதங்கள் முழுக்க அவள் பயந்து பயந்து எழும்பி உட்காருவாள். இரண்டு தடவை போனதுதானே, இதுவும் போகாது என்று என்ன நிச்சயம் என்று கேட்பாள். ஒன்றையும் நம்பாத நான்தான், "மூண்டு பேர் எண்டு சொன்னவளெல்லே, நீர் யோசியாதையும்," என்று அவளைத் தேற்றுவேன். தேசிக்காயைக்கூட நானே வாங்கி வந்து கட்டினேன், சிரிக்காதீர்கள்.

மகள் பிறந்தாள். ஆரணி என்று பெயர் வைத்தோம். நாங்கள் அவளுக்கு லூபெக் கதையை ஒருபோதும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கதை என்று நாங்கள் இருவரும் அப்போதே முடிவெடுத்திருந்தோம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானே தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஏதோ லைன் குழப்பம், ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பிள்ளை விளையாட்டுக்கு எடுத்தது என்று.

ஆரணி இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நாங்கள் ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டோம். சிவப்புப் போன் அவளுடைய விளையாட்டுச் சாமானோடு கிடந்தது. சுவரில் செருகுகிற வயர் அறுந்து போய் வருடக்கணக்கு. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வதனி வேலைக்குப் போயிருந்தாள், நான் குசினியில் ஆட்டிறைச்சி சமைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் ஆரணி தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை, பிள்ளைகள் அப்படித்தானே. குக்கர் விசில் அடித்தது. நான் கரண்டியைக் கையில் வைத்தபடி, ஒன்றும் யோசிக்காமல், சும்மா ஒரு குரல் கொடுத்தேன்.

"ஆரோடை கதைக்கிறாய், பிள்ளை?"

என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஹாலுக்கு ஓடினேன். அவள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து போனை வைத்துக்கொண்டிருந்தாள். மேல் முன்பற்கள் இரண்டும் அந்தக் கிழமைதான் விழுந்திருந்தன.

"ஆரம்மா போனிலை?"

"ஆரோ ஒரு மாமா. ஹெல்காவுக்கு ரூம் வேணுமாம். மூண்டு பேர் வந்து கொண்டு ரெண்டு பேர் எண்டு பொய் சொல்லுறார்." முகத்தைச் சுருக்கினாள். "பிறகு அழுதவர். பாவம். நான் பேர் சொல்லேல்லை அப்பா, நீங்கள் சொன்ன மாதிரி."

நான் குனிந்து போனைப் பறித்துக் காதில் வைத்தேன். அறுந்த வயர் என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கலோ, கலோ என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பொறு, பயப்படாதை, எல்லாம் நல்லா நடக்கும் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் அங்கே ஆளில்லை.

ஆரணி கையை நீட்டினாள். "தாங்கோ அப்பா. ஹோட்டல் அன்ரிக்கு இன்னும் சொல்லேல்லை. அவ சின்னக் கட்டில் வைக்க வேணுமெல்லே."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருந்தது. குசினிக்கு வந்து அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். அவள் ஏதோ நோர்வேஜியத்தில் வணக்கம் சொன்னாள், பிறகு விரலை மடித்து எண்ணுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மம்மா, பப்பா, பேபி."

வதனி வேலையால் வந்ததும் சொன்னேன். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அடுத்த நாள் ஆரணியிடம் கேட்டால் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

சிவப்புப் போன் இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. எறிய நான் விடுவதில்லை. பயமா என்று கேட்டால், அதைப் பார்த்துப் பயமில்லை. ஒரே ஒரு விசயம்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்த மனுசன் ஒஸ்லோவில் போனைப் பிடித்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருந்தபோது, அவனுக்கு ஆறுதல் சொல்லக்கூடியவன் பக்கத்து அறையில்தான் நின்றிருக்கிறான், இறைச்சி அவிந்ததா என்று பார்த்துக்கொண்டு.